சிவப்புத் துணிக்கு அடியில் மூன்றாவது தலை

"24-6-1953, புதன். மேற்றிராணியார் வந்து போனார். மழை இல்லை. இரண்டு தலைகளும் சுவரில் இருக்கின்றன. மூன்றாவது துணிக்கு அடியில்."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். பழைய டைரிகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த என் மருமகள் இதைப் படித்துவிட்டு, "மாமா, நீங்க போலீஸ்லயா இருந்தீங்க?" என்று கேட்டாள். நான் போலீஸில் இருந்ததில்லை. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. அதோடு எங்கள் மாதா கோயில் கமிட்டிக்குக் காரியதரிசி. அதோடு வருஷா வருஷம் தவக்காலத்தில் கோயில் மணல்வெளியில் நடக்கும், சேசுநாதர் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்துக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவன். தலைகளுக்கும் எனக்கும் தொடர்பு ஏற்பட்டது இந்த மூன்றாவது பதவியால்தான். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்கள் கோயிலின் தலைவாசலுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் ஞானஸ்நான அறை. நடுவில் கல்தொட்டி. ஆனால் தொட்டியைச் சுற்றி உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுகள், திருவிழாச் சீரியல் விளக்கு வயர்கள், தேர்ச்சக்கரம் ஒன்று, சவப்பெட்டி வைக்கும் தாங்கி, எல்லாம் அங்கேதான் கிடந்தன. பிறந்த குழந்தை முதன்முதலாகக் கோயிலுக்கு வந்து கண் திறந்தால் பார்ப்பது சவப்பெட்டித் தாங்கியை. இதை யாரும் தவறாக நினைத்ததில்லை. 1952 கடைசியில் எங்களுக்குப் புதுப் பங்குச் சாமியார் வந்தார். தென்பாண்டிச் சீமைக்காரர், ரோமாபுரியில் படித்தவர். அவர் தாங்கியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாளே தாங்கி வெளியே போனது.

அடுத்த வாரம் அவர் ஒரு பெரிய புத்தகத்தை மேஜைமேல் வைத்துத் திறந்தார். இத்தாலியில் ஒரு நகரம். பேராலயத்துக்கு எதிரே, ஞானஸ்நானம் கொடுப்பதற்கென்றே கட்டிய தனி மண்டபம். அறுநூறு வருஷத்துக்கும் முற்பட்ட சித்திரங்கள். சுவர் என்று ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாதபடி வேதாகமம் முழுக்க எழுதியிருந்தார்கள். உலகம் உண்டாவது, ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எழுவது, நோவாவின் பெட்டகம், எகிப்தியர் கடலில் முழுகுவது. கூரையின் உள்வட்டத்தில் புனிதர்கள், எங்கள் பேச்சில் அர்ச்சியசிஷ்டவர்கள், வரிசை வரிசையாக, துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுவதும், யோவான் என்று மற்றவர்கள் சொல்லும் ஸ்நாபக அருளப்பர் சரித்திரம். பிறப்பு, வனவாசம், யோர்தான் நதியில் சேசுநாதருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கடைசியில் ஏரோது ராஜாவின் விருந்தில் அவர் தலையைத் தட்டில் கொண்டு வருவது.

படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. "சாமி, இந்த அங்கி என்ன நிறம்?" என்று கேட்டேன். நேரில் பார்த்தவர் அவர்.

"அழகான நிறம்" என்றார்.

அவருடைய ஆசை முழு மண்டபம் அல்ல. அருளப்பர் கதையில் இரண்டு காட்சிகள் மட்டும், தொட்டிக்கு எதிர்ச் சுவரில். இடப்பக்கம் யோர்தான் நதி, வலப்பக்கம் ஏரோதின் விருந்து. ஆனால் அந்தக் காலத்து முறைப்படியே செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதாவது சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தைப் போட வேண்டும். சுண்ணாம்பு காயக் காய வர்ணம் சுவரோடு ஒன்றாகிவிடும். பிறகு கழுவினாலும் போகாது. தப்பு நேர்ந்தால் அந்த இடத்தைக் கொத்தியெடுத்துப் புதுசாகப் பூசித்தான் மாற்ற முடியும். காய்ந்த சுவர்மேல் பசை கலந்து எழுதினால் சில வருஷத்தில் உரிந்துவிடும். புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிற்பாடு அது உதவியது என்று சொல்ல மாட்டேன். குழப்பத்தை அதிகமாக்கியது.

யார் எழுதுவது? எங்களுக்குத் தெரிந்த சித்திரக்காரர் ஒருவர்தான். புளியந்தோப்புக்காரர். வண்ணாரப்பேட்டைப் பக்கம் சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதுகிறவர். எங்கள் பாஸ்குவுக்கு எருசலேம் திரை, ஒலிவமலைத் திரை எல்லாம் அவர் கைவண்ணம்தான். கிறிஸ்தவர் அல்ல. வேதாகமம் படித்தவரும் அல்ல. ஆனால் திரை எழுதிக் கொடுத்த உரிமையில் முதல் வரிசை மணலில் உட்கார்ந்து பல வருஷமாக நாடகத்தை முழுக்கப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்த கிறிஸ்து சரித்திரம் அதுதான்.

சாமியார் அவரிடம் புத்தகத்தைக் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சாமி, இது எத்தினி வாரம் ஓடும்?"

"என்னது ஓடும்?"

"இந்தப் படம். சொவுத்துல எத்தினி வாரம் வெச்சிருப்பீங்க?"

"அங்கே அறுநூறு வருஷமாக இருக்கிறது."

பேனர்க்காரர் புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சாமியார் காதில் விழாதபடி, "சார், மெய்யாலுமா?" என்றார்.

காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. கொட்டகையில் படம் மாறும்போதெல்லாம் பழைய பேனர்மேல் அவரே வெள்ளை அடித்து, அதன்மேலேயே புதுப் படத்தை எழுதுவார். "நான் வரஞ்சது ஒண்ணு கூட இன்னிக்கு உசுரோட இல்ல சார். எல்லாத்து மேலயும் என் கையாலயே வெள்ள அடிச்சிட்டேன். எங்க வூட்ல கேக்கறா, கண்ணாலம் கட்டிக்கினு இத்தினி வருசம் ஆவுது, உன் வேலய ஒரு நாள் காட்டுய்யான்னு. நான் இன்னா சொல்றேன் தெரியுமா? போன வாரம் வந்திருக்கணும்மேன்றேன். அவ வர்றப்பல்லாம் அது போன வாரமா பூட்து." இந்தச் சுவர் மட்டும் நின்றுவிட்டால் போதும், திறப்பு விழா அன்று மனைவியை அழைத்து வந்து காட்டுவேன் என்றார். கூலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. சாமியார்தான் பேசினார்.

அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. அது கழிந்து வேலை ஆரம்பித்தது. எண்ணூரிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. தினமும் காலையில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூச்சு. அதன்மேல் கட்டம் போட்டு, புத்தகப் படத்தின் கட்டத்தைப் பார்த்துப் பெரிதாக்கி எழுதுவார். அவருடைய ஒரே துக்கம் சுண்ணாம்பு ஏற்றுக்கொள்ளும் வர்ணங்களில் ரோஸ் இல்லாதது. காவி, மஞ்சள், பச்சை மண், கரி, இவ்வளவுதான். "ரோஸ் இல்லாம ஒரு ராஜா சபையா? கலீஜா இருக்கும் சாமி" என்று இரண்டு நாள் புலம்பினார். எங்கள் பங்கில் பாதிப் பேர் கட்டுமரக்காரர்கள். அவர்கள் யோர்தான் நதியில் மீன் இல்லையே என்று வந்து சண்டை போட்டார்கள். மறுநாள் யோர்தானில் நாலு வஞ்சிரம் நீந்தியது. சாமியார் ஆற்று மீனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பூச்சு காய்ந்துவிட்டது.

முகங்கள்தான் பிரச்சினை. புத்தகப் படத்தில் ஒவ்வொரு முகமும் மிளகு அளவு. அதில் மூக்கு எது, முழி எது என்று தெரியவில்லை. "நம் பங்கு மக்கள் முகத்தையே போட்டுவிடுங்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்தார்கள்" என்று சாமியார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மறைமாவட்டத்தில் ஏதோ வேலையாகப் போய்விட்டார். பேனர்க்காரருக்கு இது சுலபமாகப் போயிற்று. வேதாகமத்தில் யாருக்கு எந்த முகம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியுமே. பாஸ்குவில் யார் எந்த வேஷம் போட்டார்களோ அவர்கள் முகம். சேசுநாதருக்கு மட்டும் காலண்டரில் உள்ள முகம்.

இங்கே எங்கள் பாஸ்குவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அருளப்பர் வேஷம் தலை போகிற வேஷம். அந்த வேஷத்தைக் கட்டினவன் அந்த வருஷம் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் கட்டுமரக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. கடலுக்குப் போகாமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுவது? ஆகவே அருளப்பருக்கு ஆளே கிடைப்பதில்லை. கடைசியில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்த ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் தரையில் வேலை செய்பவர், கடல் அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அவர்தான் ஏற்கெனவே ஏரோது ராஜா. அவருடைய ஏரோதுக்கு ராயபுரம் மட்டுமல்ல, திருவொற்றியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதை விட்டுவிட அவர் தயாராக இல்லை. எனவே இரண்டு வேஷமும் அவரே. சணல் தாடியோடு அருளப்பராகச் சிறையில் கடைசி வசனம் பேசிவிட்டு உள்ளே ஓடி வருவார். நான் சணல் தாடியை இழுப்பேன், இன்னொருவர் கறுப்புத் தாடியையும் கிரீடத்தையும் மாட்டுவார். வெளியே போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து தன் தலையைத் தானே வாங்கிக்கொள்வார். தட்டில் சிவப்புத் துணி மூடியிருக்கும். உள்ளே இருப்பது ஒரு தேங்காய். வருஷக்கணக்காக இப்படி நடந்து, யாருக்கும் இது விநோதமாகத் தோன்றவில்லை. மேடையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை அல்லவா.

சுவரில் நின்றார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம் மறைப்புத் துணியை எடுத்தபோது முதலில் வந்தவர் மேஸ்திரியே. ஏரோதின் முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். காவியும் மஞ்சளும் கலந்த அங்கி, சிங்கக் கால் போட்ட சிம்மாசனம், முகத்தில் அதே முறைப்பு. "நைனா, உன் கைக்கு மோதரம் போடணும்பா" என்று பேனர்க்காரர் தோளைத் தட்டினார். பிறகு இடப்பக்கம் பார்த்தார். அங்கேயும் அவர். ஒட்டக மயிர் அங்கியோடு யோர்தானில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சேசுநாதர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு தட்டைப் பார்த்தார். அதிலும் அவரே, கண்ணை மூடிக்கொண்டு. புத்தகத்தில் தட்டில் துணி இல்லை, தலைதான் இருந்தது. பேனர்க்காரர் கட்டத்துக்குக் கட்டம் புத்தகத்தைப் பின்பற்றியிருந்தார்.

அதற்குள் கட்டுமரக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா மேஸ்திரி, உன் தலைய நீயே வெட்டிக்கினு நீயே தட்டுல வாங்கிக்கினியா? ஆள் கூலி மிச்சம் மாமு!"

"அட, தல தட்டுல கீது, அப்ப கிரீடத்த எதுலடா வெச்சிக்கினு கீறாரு?"

"தே, சொம்மா இருங்கடா. அவுரு ஓவர்டைம் பாக்கறாரு."

சாமியார் திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். பிறகு பேனர்க்காரரைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"அருளப்பருக்கும் ஏரோதுக்கும் ஏன் ஒரே முகம்?"

"அண்ணன் தம்பிக்கு வேற முகமா சாமி இருக்கும்?"

"யார் அண்ணன் தம்பி?"

"அவுங்க ரெண்டு பேரும்தான். டபுள் ஆக்ட்டு." சாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக விளக்கினார். "சாமி, அருளப்பரு ஜெயில்ல நின்னுக்கினு இன்னா சொல்றாரு? உன் சகோதரன் பொண்டாட்டிய நீ வெச்சிக்கக் கூடாதுன்றாரு. மூஞ்சியும் ஒரே மூஞ்சி. அப்ப அந்தச் சகோதரன் யாரு? அவுருதானே! தம்பி பொண்டாட்டிய அண்ணன்காரன் இஸ்துக்கினு பூட்டான், தம்பி சன்யாசி ஆயி ஆத்துல போயி நின்னுக்கினாரு. அப்பறம் கேக்கப் போனா தலைய வாங்கிட்டான். எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன், ஒவ்வொரு தபாவும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்."

அந்த வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். அதை அவர் சரியாகத்தான் கேட்டிருந்தார். வேதாகமத்தில் அந்தச் சகோதரன் வேறு ஆள் என்பதை எங்கள் நாடகம் எங்கேயும் சொல்லவில்லை. அவர் எழுதும் பேனர்களில் ஒரே நடிகர் இரண்டு முகமாக வந்தால் அது அண்ணன் தம்பி என்றுதான் அர்த்தம். சாமியார் மறுக்க வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஜூன் 24, அருளப்பர் பிறந்த திருநாளன்று, அறையை ஆசீர்வதிக்க மேற்றிராணியார், அதாவது பிஷப் ஆண்டவர், வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு முதல் ஞானஸ்நானம் மேஸ்திரியின் மகள் வயிற்றுப் பேரனுக்கு. மேற்றிராணியார் கண்டிப்புக்குப் பெயர் போனவர். வேறொரு பங்கில் சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, மீசை இருந்தது என்று முழுச் சுவரையும் வெள்ளையடிக்கச் சொன்னார் என்று பேச்சு. "ஒரு தலையாவது மாற வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதற்கு முன் நாமே வெள்ளையடித்துவிடுவது மரியாதை" என்றார் சாமியார்.

வெள்ளையடிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் பேனர்க்காரர் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கையை விரிக்கவில்லை. சும்மா நின்றார். "மாத்திடறேன் சாமி. கொத்தியெடுத்துட்டு வேற மூஞ்சி வரஞ்சிடறேன். ஒரு ஆள மட்டும் குடுங்க" என்றார்.

ஆள் யார்? அருளப்பரை மாற்றுவதானால் அருளப்பருக்கு ஒரு முகம் வேண்டும். பாஸ்குவில் மூன்று இரவுக்கே தலை கொடுக்காதவர்கள், நிரந்தரமாகச் சுவரில் கொடுப்பார்களா? பேனர்க்காரர் காகிதமும் கரியுமாகக் கடற்கரைக்குப் போனார். அவரைக் கண்டதும் கட்டுமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "என்ன வரையாத நைனா, எனுக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்கணும்" என்று கும்பிட்டாராம்.

நான் பகுத்தறிவுள்ளவன், எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. என் முகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முன்வந்தேன். பேனர்க்காரர் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வேணாம் சார்."

"ஏன்?"

"தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க மூஞ்சி தட்டுல வெச்சாலும் கணக்கு பாத்துக்கினு இருக்கற மாரி இருக்கும்."

மிஞ்சியது ஏரோது. ஏரோதாக நடிக்க ஆசைப்பட்டவர்கள் ஊரில் பத்துப் பேராவது இருந்தார்கள். மேஸ்திரி ஏரோதை விட்டுக்கொடுத்து அருளப்பராக மட்டும் இருந்தால் போதும். சாமியாரே நேரில் கேட்டார். அர்ச்சியசிஷ்டவராக இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எடுத்துச் சொன்னார்.

"சாமி, கோச்சிக்காதீங்க" என்றார் மேஸ்திரி. "அருளப்பருக்கு இன்னா கீது? ஒரு சாக்கு, ரெண்டு வசனம், வெட்டுக்கிளி துன்னுக்கினு கெடக்கணும். ஏரோதுக்குச் சிம்மாசனம் கீது, வெல்வெட்டு கீது, நான் காலத் தூக்கிக் கால் மேல போட்டேன்னா எண்ணூர் வரிக்கும் விசில் கேக்கும். நாளைக்கு என் பேரன் வந்து, தாத்தா எங்கன்னு கேட்டா தண்ணில நிக்கறவரக் காட்டுவனா, சிம்மாசனத்துல குந்திக்கினு கீறவரக் காட்டுவனா?"

"ஏரோது பாவி, மேஸ்திரி."

"பாவிதான் சாமி. ஆனா ராஜா."

பிறகு தாடியை மாற்றிப் பார்த்தார்கள். பேனர்க்காரர் ஏரோதின் தாடியைக் கரியால் மார்புவரை நீட்டினார். இப்போது பார்த்தவர்களுக்கு அது, அருளப்பரே மாறுவேஷத்தில் ராஜ சபைக்கு வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முன்பைவிட மோசம். ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். காய்ந்த சுவரில் எழுதியதால் அது வந்துவிட்டது, நல்லவேளை.

இந்த நிலையில்தான் மேஸ்திரியின் மனைவி வந்தார். அதுவரை மகளின் பிரசவத்துக்காகத் தண்டையார்பேட்டையில் சம்பந்தி வீட்டில் இருந்தவர். நேராகச் சுவரிடம் போனார். ஏரோதைப் பார்க்கவில்லை, யோர்தானைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார்.

"ஐயையோ! என் வூட்டுக்காரரு தல!"

மேஸ்திரி, "இன்னாமே, நாடகத்துல வருதே அதான்" என்றார்.

"நாடகத்துல தேங்கா வருது! துணி போட்டு வருது! எனக்குத் தெரியாதா, நான்தானே தேங்கா குடுக்கறேன்? இங்க கண்ண மூடிக்கினு படுத்துக்கினு கீற! தாலியோட கோயிலுக்கு வந்து நான் மண்டி போட்டா எதிர்ல உன் தலயப் பாக்கணுமா? பேரப்பிள்ளைக்கு மொத மொதல்ல தண்ணி ஊத்தற எடத்துல?" அவர் சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, அவுரு ராஜாவா குந்தட்டும், ஆத்துல நிக்கட்டும், எனக்கு இன்னா? எத்தினி எடத்துல வேணாலும் இருக்கட்டும். எல்லா எடத்துலயும் கழுத்து இருக்கணும். இல்லன்னா பேரப்பிள்ளய மாதவரம் கோயிலுக்குத் தூக்கினு பூடுவேன்."

முதல் ஞானஸ்நானமே மாதவரத்துக்குப் போய்விட்டால் மேற்றிராணியார் எதற்கு வருகிறார்? சாமியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பேனர்க்காரருக்குத்தான் அந்தப் பெண்மணியின் பேச்சில் வழி தென்பட்டது.

"யக்கா, தேங்காதான் வோணுமா உங்களுக்கு?"

"ஆமா."

"துணி போட்டா?"

"போட்டு."

"நாளைக்கு வாங்க."

மறுநாள் பகல் முழுக்க மறைப்புத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே வேலை செய்தார். யாரையும் விடவில்லை. சாயங்காலம் திறந்தபோது தட்டின்மேல் சிவப்புத் துணி மூடியிருந்தது, சரிகைக் கரையோடு, நடுவில் உருண்டையாக மேடு தட்டி. ஏரோதின் விருந்து இப்போது யார் வீட்டுக்கோ சீர்வரிசைத் தட்டு வந்ததுபோல மங்களகரமாக இருந்தது. "உள்ள தேங்காதான்யா?" என்று மேஸ்திரி மனைவி கேட்டார். "தேங்காதான்க்கா" என்றார். அந்தப் பெண்மணி துணியின்மேல் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அருளப்பருக்கும் ஏரோதுக்கும் ஒரே முகம் என்பது அப்படியேதான் இருந்தது. மாற்ற ஆளும் இல்லை, நாளும் இல்லை. சாமியார் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் பூசை உடுப்புகள் வைக்கும் சாக்கிரீஸ்து அறையில் தயாராக வைக்கச் சொன்னார். பேனர்க்காரர் அதைப் பார்த்துவிட்டார். வாளியைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் கலந்து கீறீங்க" என்று மட்டும் சொன்னார்.

24-ஆம் தேதி வந்தது. பேனர்க்காரர் சலவை வேட்டியில் வந்திருந்தார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். இருவரும் அறையின் பின்மூலையில் நின்றார்கள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "ஏன் எல்லாருக்கும் கண்ணு சினிமாக்காரன் கண்ணு மாரி கீது?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

ஞானஸ்நானம் நடந்தது. குழந்தை முறைப்படி அழுதது. மேற்றிராணியார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்தார். இடமிருந்து வலம் போனார். வலமிருந்து இடம் வந்தார். பிறகு பேரனைக் கையில் வைத்திருந்த மேஸ்திரியைப் பார்த்தார். மறுபடி சுவர். சாமியார் என் கையைப் பிடித்தார். பிடித்தது தெரியாமல் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"தட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் மேற்றிராணியார்.

பதில் சொல்ல வேண்டிய சாமியார் வாயைத் திறப்பதற்குள் பேச வேண்டாதவர் பேசினார்.

"தேங்கா, ஆண்டவரே" என்றார் மேஸ்திரியின் மனைவி, முழு நம்பிக்கையோடு.

"தேங்காயா?"

"ஆமா ஆண்டவரே. எங்க வூட்டுத் தேங்கா."

மேற்றிராணியார் ஏரோதைக் காட்டியபடி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "இவர் நீர்தானே?"

"நாந்தான் ஆண்டவரே. அவுரும் நாந்தான். ரெண்டும் நானே போடறேன், பாஸ்குல."

"இரண்டில் எது கஷ்டம்?"

இதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. மேஸ்திரி குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு யோசித்தார். "தல போறது கஷ்டம் இல்ல ஆண்டவரே. போன அப்பால ஓடியாந்து கிரீடம் வெச்சிக்கினு, ஒண்ணும் தெரியாதவன் மாரி குந்தறது கீதே, அதுதான் பேஜாரு. மூச்சு வாங்கும். ஜனங்களுக்குத் தெரியக் கூடாது."

மேற்றிராணியார் கை துடைத்த துண்டை வாயருகில் வைத்துக்கொண்டார். இருமினார் என்று அப்போது நினைத்தேன். தோள் குலுங்கியதை வைத்துப் பார்த்தால் இருமல் இல்லை.

"எழுதியது யார்?"

மூலையிலிருந்து பேனர்க்காரரைத் தள்ளிவிட்டார்கள். அவர் மேற்றிராணியார் முன்னால் நின்று, கும்பிடுவதா, மோதிரத்தை முத்தமிடுவதா என்று தெரியாமல், கையை வேட்டியில் துடைத்தார்.

"இருவருக்கும் ஒரே முகம். தெரிந்தே செய்தீரா?"

அண்ணன் தம்பி கதை தப்பு என்று சாமியார் ஒரு வாரமாக அவருக்குப் பாடம் சொல்லியிருந்தார். அவர் சாமியாரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் ஆண்டவரே. ஆனா தப்பாத் தெரிஞ்சிக்கினு செஞ்சிட்டேன்" என்றார். பிறகு, கேட்காமலே, "வெள்ள அடிக்கறதுன்னா நானே அடிச்சிடறேன். வேற யாரும் வோணாம்" என்றார்.

மேற்றிராணியார் சுவரருகே போய், யோர்தான் தண்ணீரில் ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வஞ்சிரத்தைச் சற்று நேரம் பார்த்தார். "வெள்ளையடிக்க வேண்டாம்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மூடினது மூடினபடியே இருக்கட்டும். அடுத்த வருஷம் பாஸ்கு எப்போது என்று எனக்குச் சொல்லியனுப்புங்கள்" என்றார். காரில் ஏறிய பிறகும் துண்டு வாயருகிலேயே இருந்தது.

அறை காலியான பிறகு பேனர்க்காரரின் மனைவி சுவரருகே வந்தார்.

"இது நிக்குமாய்யா?"

"நிக்கும்."

"போன வாரம் ஆயிடாதே?"

"ஆவாது."

அந்த அம்மாள் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப அந்த மீனுக்கு இன்னும் ரெண்டு செதில் போட்டிருக்கலாம்" என்றார். பேனர்க்காரர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி சரிபார்க்க முடியாமல் போன விஷயம். அந்தப் பகலில் மறைப்புத் துணிக்குள் பேனர்க்காரர் என்ன செய்தார்? தலையைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதுப்பூச்சின்மேல் துணியை எழுதினாரா, அல்லது காய்ந்த தலையின்மேலேயே வஜ்ஜிரப் பசையில் சிவப்பை அடித்து மூடினாரா? அன்று பகல் உளிச் சத்தம் கேட்டதாக நான் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அறையைப் பெருக்கிய அம்மாள் கடப்பைக்கல் தரையில் சுண்ணாம்புத் தூளே இல்லை என்றார். உளியைச் சும்மா தட்டினாரோ என்று எனக்குச் சந்தேகம். தன் கையால் எழுதியதன்மேல் எத்தனையோ தடவை வெள்ளை அடித்தவர், அடியில் உள்ளது அழியாத விதமாக மூடியது இந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். இது என் ஊகம், சாட்சியம் அல்ல. அவரிடமே கேட்டேன். "எதுல எழுதுவீங்க, டைரிலயா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப தேங்கா சார்" என்றார்.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு, கடற்காற்றின் உப்பில், சிவப்புத் துணியின் ஒரு மூலை சில்லு சில்லாக உரிந்திருக்கிறது. அடியில் கறுத்த பழுப்பாக ஏதோ தெரிகிறது. தாடியாக இருக்கலாம். தேங்காய் நாராகவும் இருக்கலாம். நகத்தால் சற்றுச் சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் மேற்றிராணியாரின் கட்டளை இருக்கிறது. மேஸ்திரியின் மனைவி ஞாயிறுதோறும் நேர் எதிரே மண்டியிடுகிறார். மேஸ்திரி இன்றும் கழுத்தோடு நலமாக இருக்கிறார். துணிக்கு அடியில் தலை இருக்கிறதா இல்லையா என்பது, இதை எழுதும் 17-1-1959 வரை, சரிபார்க்கப்படவில்லை.